தொழுமரத்துக்கு மூன்று நாள்

கோதண்டராமன் கடையில் மூக்கணாங்கயிறு முதல் கழுத்துமணி வரை மாட்டுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். மாடு மட்டும்தான் கிடைக்காது. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் மாடு வாங்கினவன், விற்றவன், சும்மா வாயைப் பிளந்து பல்லை எண்ணிவிட்டுப் போனவன், எல்லோரும் ஒருமுறையாவது அவர் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்துதான் எழுந்திருப்பார்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் பேசுவது தெலுங்கு. விலை சொல்வதும் வாய்ச்சண்டை போடுவதும் தமிழ். எண்பது வருஷத்துக்கு முன்னால், தாது வருஷப் பஞ்சத்தில், அவருடைய தாத்தா சித்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்து இந்த ஊரில் விழுந்தார். பசியில் விழுந்தார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்தத் தாத்தாவின் வலது கணுக்காலைச் சுற்றி, தண்டை போட்டுக் கழற்றின மாதிரி ஒரு தழும்பு இருந்தது. செங்கம் ரோட்டில் தானிய வர்த்தகர்களின் சத்திரத்தில் அந்த நாளில் கஞ்சி ஊற்றினார்கள். உள்ளூர்க்காரனுக்குக் கஞ்சி, வடக்கேயிருந்து வந்தவனுக்குத் தொழுமரம். ஆள் நீளத்துக்கு ஒரு கனத்த மரம், நடுவில் இரண்டு பாளமாக அறுத்தது, கால் நுழைய நாலு ஓட்டை. மேல் பாளத்தைத் தூக்கிக் காலை வைத்து, பாளத்தை இறக்கி ஆப்பு அடித்துவிட்டால் ஆனை வந்தாலும் பிடுங்க முடியாது. வடக்கத்தியான் ஒருவனை இப்படி வாசலில் உட்கார வைத்தால் பின்னால் வருகிறவன் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான் என்று சத்திரத்துப் பெரிய மனிதர்கள் யோசித்துக் கண்டுபிடித்தார்கள். தாத்தா அதில் இரண்டு பகல் இருந்தார். பக்கத்து ஓட்டையில் இருந்தவன் செத்துப்போய், அவனை இழுத்துப்போட ஆப்பைத் தட்டியபோதுதான் இவருக்கும் கால் கிடைத்தது.

வியாபாரி எதையும் தூரப் போடமாட்டான். கிழிந்த கோணியை எடுத்துவைப்பான், வளைந்த ஆணியை எடுத்துவைப்பான். தொழுமரத்தையும் எடுத்து வைத்தார்கள். இரண்டு தலைமுறை போனதும் அதற்குக் காவல் மரம் என்று பெயர் மாறியது. தீபத்துப் பத்து நாளும் அதைக் கிடங்கிலிருந்து தூக்கி வந்து, எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, மாலை போட்டு சத்திரத்து வாசலில் வைப்பார்கள். காலை பதினோரு மணிக்குக் கோயில் குருக்கள் உமாமகேஸ்வரன் வந்து கற்பூரம் காட்டுவார். ஒரு தட்டுப் பழமும் வேட்டித் துணியும் வருகிற இடத்தில் மரம் என்ன மரம் என்று அவர் கேட்டதில்லை.

இதெல்லாம் கோதண்டராமனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சத்திரத்தை நடத்தும் வர்த்தகர் சங்கத்தில் சேர இருபத்திரண்டு வருஷம் அலைந்தார். சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. மரத்தைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே போவார்.

ஆனால் ஐம்பத்தாறாம் வருஷக் கார்த்திகையில் சுவரைப் பார்த்துத் தப்பிக்க முடியவில்லை. பாஷைவாரியாக ராஜ்யத்தைப் பிரித்த மாதம் அது. எந்தத் தாலுகா யாருக்கு என்று சவரக் கடையில் பாதி முகத்துச் சோப்போடு அடித்துக்கொண்டார்கள். சத்திரத்தில் புதிதாக ஒரு பலகை எழுதி வாங்கியிருந்தார்கள்: ‘வடக்கிலிருந்து வந்த கூட்டத்தை நம் முன்னோர் அடக்கிய வீரக் காவல் மரம்.’ அந்த வருஷம் மரத்துக்கு எண்ணெய் பூசும் முறை யாருடையது என்றால், கோதண்டராமனுடையது.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் சங்கம் கூடியது. தலைவர் ஏகாம்பரநாதன், மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர், தொந்தியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நாயுடு, இந்த வருசம் உங்க முறை. எண்ணெய் வைக்கிறது, முதல் விளக்கு, பரிவட்டம், எல்லாம் உங்களுக்குத்தான்.”

“விளக்கு ஏத்துறேங்க. மரம் வேணாம்.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“எங்க தாத்தா காலு அதுல இருந்ததுங்க.”

“அட!” என்று தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சொல்லவே இல்லையே! அப்போ உங்க குடும்பத்து சாமானுன்னு சொல்லுங்க. இன்னும் விசேசமாச்சே!”

சபை குலுங்கிச் சிரித்தது. கோதண்டராமனும் கொஞ்சம் சிரித்துவிட்டார். கடை வைத்திருக்கிறவனுக்கு எதிரில் யார் சிரித்தாலும் உதடு தானாகப் பிரிந்துவிடும். பிரிந்த உதட்டை மூடிக்கொண்டு சொன்னார்:

“அழிக்கச் சொல்லலீங்க. கிடங்குல வச்சுப் பூட்டிடுங்க. அதுக்கு மாலை போட்டு வாசல்ல வைக்காதீங்கன்றேன். பஞ்சத்துல கஞ்சிக்கு வந்தவனை மாட்டின கட்டை அது. அதுல இன்னா வீரம்?”

“சரித்திரம்ங்க நாயுடு. நடந்தது நடந்ததுதானே?”

“நடந்ததை எழுதலீங்களே. கூட்டத்தை அடக்கினோம்னு எழுதியிருக்கீங்க. நடக்கத் தெம்பு இல்லாதவனை எவன் அடக்கணும்?”

“தோ பாருங்க, உங்களை யாரும் சொல்லலை. நீங்க நம்ம ஆளு. நாங்க சொல்றது அந்தப் பக்கத்தானை.”

“நானும் அந்தப் பக்கத்தான்தாங்க.”

“அது எண்பது வருசம் ஆச்சுங்க. எத்தனை தீர்த்தம் பட்டிருக்கும்! கறை போயிருக்கும்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “கொல்டிக்கு ரோசம் வந்துட்டுதுடோய்” என்றது. கோதண்டராமன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. போன வாரம்தான் அந்தக் குரலுக்கு இரண்டு ஜோடி சாட்டை பொறுக்கிக் கொடுத்திருந்தார்.

இந்த இடத்தில் எழுந்து வெளியே போயிருந்தால் அவர் வேறு மனிதர். கபாலி குறுக்கே வந்தான். சந்தையில் மாட்டுத் தரகன். எந்தச் சண்டையைக் கண்டாலும் அவனுக்கு அது முடியாத பேரம் மாதிரித்தான் தோன்றும்.

“எதுக்கு ரெண்டு பேரும் தொண்டையைக் கெடுத்துக்கிறீங்க? தலைவர் பத்து நாளுன்றாரு. நாயுடு ஒரு நாளும் கூடாதுன்றாரு. ஜாஸ்தி கம்மி பேசி முடிச்சுடலாம். கையைக் குடுங்க” என்று தோளில் கிடந்த துண்டை உதறி விரித்தான்.

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேரும் வலது கையைத் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்து அழுத்திச் சொல்வார்கள். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் தெரியாமல் விலை முடிந்துவிடும். துண்டுக்குள் முடிந்த விலையை மாற்றினவன் அப்புறம் சந்தைப் பக்கம் வந்ததாக வரலாறு கிடையாது. கோதண்டராமன் பல்லு முளைத்த நாளிலிருந்து இந்தத் துண்டுக்குள் கையை விட்டு வளர்ந்தவர். துண்டு விரிந்ததும் கை போய்விட்டது. அவரைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

தலைவர் ஐந்து விரலையும் சேர்த்து இரண்டு முறை பிடித்தார். பத்து. கோதண்டராமன் கையை முஷ்டியாக மூடினார். ஒன்றும் இல்லை. தலைவர் ஒரு முறை பிடித்து மூன்று விரலை நீட்டினார். எட்டு. முஷ்டி. ஏழு. முஷ்டி. ஆறு என்று வந்தபோது, எதிராளி இறங்குகிற சுகம் கோதண்டராமனுக்கு முழங்கை வரை ஏறியது. ஒற்றை விரலைக் கொடுத்தார். தலைவர் பெருமூச்சு விட்டார். ஐந்து. இரண்டு. நாலு. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் தலைவரின் நடுவிரலைப் பிடித்து முறுக்கி, மூன்றில் நிறுத்தினார் கோதண்டராமன்.

“பலகை சுவத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கணும்” என்றார் வாயால்.

“திருப்பிடறோம்.”

“முடிஞ்சுது!” என்று கபாலி துண்டை உருவினான். எல்லோரும் கை தட்டினார்கள். பத்து நாள் சரக்கை மூன்று நாளுக்கு முடித்த கெட்டிக்காரத்தனத்தை இரண்டு பேர் முதுகில் தட்டியே பாராட்டினார்கள். கோதண்டராமன் செங்கம் ரோட்டில் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி ஆதிலட்சுமி அடுப்படியில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். துண்டு, முஷ்டி, முறுக்கின நடுவிரல் எல்லாவற்றையும்.

“ஆக, மூணு நாளைக்கு மாட்டலாம்னு ஒத்துக்கிட்டு வந்தீங்க” என்றாள்.

“பத்து கேட்டாங்கடி.”

“உங்க தாத்தாவே ரெண்டு நாள்தான் இருந்தாரு. நீங்க ஒரு நாள் சேர்த்துக் குடுத்திருக்கீங்க.”

கோதண்டராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாக்கடையில் கால் வைத்தவன் செருப்பைப் பார்ப்பது போல் தன் வலது கையைப் பார்த்தார். விலை பேசவே கூடாத ஒன்றுக்கு விலை பேசி, அதிலும் சுகம் கண்டுவிட்டு வந்த கை அது. ஆனால் கை கொடுத்தாகிவிட்டது. கொடுத்த கையை மாற்றுவது அவர் வம்சத்திலேயே இல்லை.

மூன்று நாளும் அவர்தான் எண்ணெய் பூசினார். ஓட்டைகளுக்குள் விரலை விட்டுத் தடவ வேண்டும். வெளிமரம் சொரசொரப்பு. ஓட்டையின் உட்புறம் மட்டும் வழவழவென்று இருந்தது. எத்தனை கால் உரசி அது வழவழத்தது என்று நினைத்ததும் விரலை உருவி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் உள்ளே விட்டார். பரிவட்டம் கட்டினார்கள். துணி புதிது, ஆனாலும் வேர்வை நாறியது, அவருடைய வேர்வைதான். வீட்டுக்குப் போய்ச் சிகைக்காய் போட்டு, சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தார். சோற்றைப் பிசைந்தால் மஞ்சளும் எண்ணெயும் கலந்த அந்த வாடை. மூன்று நாளும் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் காலை சத்திரத்தைத் தாண்டிப் போனவர் நின்றார். மரம் வாசலில்தான் இருந்தது. பலகை தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் மேல் ஒரு மின்சார விளக்கு வேறு போட்டிருந்தார்கள்.

“தலைவரே, மூணு நாளுன்னு பேச்சு.”

ஏகாம்பரநாதன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஜனங்க ஆசைப்படறாங்க நாயுடு. நம்மளுக்குள்ள மூணு இன்னா, பத்து இன்னா” என்றார்.

“துண்டுக்குள்ள கை குடுத்தீங்க.”

“அது மாட்டுக்குங்க. மாட்டு விசயத்துல கை குடுத்துட்டு நான் மாறினேன்னா என்னைச் செருப்பால அடிங்க. இது மாடா?”

கோதண்டராமன் கபாலியைப் பார்த்தார். கபாலி எதிரில் கட்டியிருந்த ஒரு எருதைப் பார்த்தான். மனுஷன் விஷயத்தில் கொடுத்த பேச்சு மாறலாம், மாட்டு விஷயத்தில் மாறக்கூடாது. இப்படி ஒரு தர்மம் இருக்கிறது என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. இந்தச் சங்கத்தில் சேரத்தான் இருபத்திரண்டு வருஷம் அலைந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு அவர்கள் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் மேல் வந்தது அதிகம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சந்தை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவரும் ஆதிலட்சுமியும் சத்திரத்துக்கு வந்தார்கள். அவள் கையில் ஒரு குழவிக்கல் இருந்தது. கோதண்டராமன் மேல் பாளத்தைத் தூக்கி, வலது காலை ஓட்டையில் வைத்து, தரையில் உட்கார்ந்தார். அவள் பாளத்தை இறக்கி ஆப்பில் நாலு அடி போட்டாள். வீட்டில் தேங்காய் உடைக்கிறவள் மாதிரி, பதறாமல். அப்புறம் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“வலிக்குதா?”

“இப்போதைக்கு இல்லை. பேசாம இரு.”

வர்த்தகர்கள் பார்த்துவிட்டு வெட்கப்படுவார்கள், மரத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோவார்கள் என்பது அவருடைய கணக்கு. பிறந்ததிலிருந்து கோயில் ஊரில் இருக்கிறவர் போடக்கூடாத கணக்கு. இந்த ஊருக்குத் தீபத்துக்கு வருகிறவன் அலகு குத்தினவனைப் பார்த்திருக்கிறான், மலையை அங்கப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறவனைப் பார்த்திருக்கிறான். மஞ்சள் பூசின மரத்தில் காலை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் பெண்டாட்டியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு அர்த்தம் ஒன்றுதான். வேண்டுதல்.

முதல் அரையணா தொடையில் வந்து விழுந்தது. கோதண்டராமன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இன்னொன்று. ஒரு கிழவர் மரத்திலிருந்து மஞ்சளைச் சுரண்டி நெற்றியில் இட்டுக்கொண்டார். போளூர்ப் பக்கத்திலிருந்து கன்று விற்க வந்த ஆராயி என்கிற பெண்பிள்ளை, வாய் நிறைய வெற்றிலையோடு, ஓரணாவை மரத்தின் மேல் வைத்து, மாட்டியிருந்த காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“சாமி, எங்க ஊட்டு கிடேரி இந்த வருசமாவது சினை நிக்கணும். நின்னா உனக்குப் பொங்க வைக்கிறேன்.”

சத்தம் கேட்டு ஏகாம்பரநாதன் வெளியே வந்தார். பின்னால் கபாலி. வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்த முகத்தில் கோதண்டராமன் கண்டது, புது மண்டி திறந்தவனின் ஒளி.

“நாயுடு! இது எனக்குத் தோணாமப் போச்சே! நாலு ஓட்டை இருக்குது. வருசா வருசம் நாலு பேர் உக்காரலாம். முறை வச்சுக்கலாம்! நீங்க ஆரம்பிச்சு வச்சதுன்னு பேரும் இருக்கும்.”

கோதண்டராமனுக்குப் புரிந்துவிட்டது. இவர்களை வெட்கப்படுத்த முடியாது. எதைக் கொண்டுவந்து முகத்தில் விட்டெறிந்தாலும் பிடித்து அடுக்கிவைத்துவிடுவார்கள். தலைவரை விட்டுவிட்டு ஆராயி பக்கம் திரும்பினார்.

“அம்மா, இது வேண்டுதல் இல்லை. பஞ்சத்துல வடக்கேந்து கஞ்சிக்கு நடந்து வந்தவங்களை இதுலதான் மாட்டினாங்க. எங்க தாத்தா காலு இந்த ஓட்டையில இருந்தது.”

“கஞ்சிக்கு வந்தவனையா?”

“ஆமாம்மா.”

“திருடுனானா?”

“இல்லை. அந்தப் பக்கத்தான்.”

“மாட்டி வச்சு கஞ்சியாவது ஊத்துனானுங்களா?”

“இல்லை. பக்கத்து ஓட்டைக்காரன் செத்துட்டான்.”

ஆராயி முதல் காரியமாக மரத்தின் மேல் வைத்த ஓரணாவை எடுத்து முந்தானையில் முடிந்தாள். பிறகு மாலையைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், தலைவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“பசிக்குதுன்னு வந்தவனை மாட்டுன கட்டைக்கா பொட்டு வச்சுக் கும்புட வச்சீங்க? தூ!”

வாய் நிறைய இருந்த வெற்றிலைச் சாறு முழுவதும் மஞ்சள் மரத்தின் நட்டநடுவில் விழுந்து, சிவப்பாக இரண்டு பக்கமும் வழிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் உமாமகேஸ்வரக் குருக்கள் தட்டோடு வந்து சேர்ந்தார். மரத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

“எச்சில் பட்டிருக்கே! இதுக்கு எப்படி நான் கற்பூரம் காட்டறது?”

“ஒரு சொம்புத் தண்ணி விட்டா போச்சு, சாமி” என்றார் தலைவர்.

“அப்படி இல்லை. ஒருத்தர் எச்சில்னா இங்கேயே அலம்பி, மஞ்சள் ஜலம் தெளிச்சுச் சமாளிச்சுடலாம். ஒருத்தருக்கு மேலேன்னா உள்ளே எடுத்துண்டு போய்டணும். இந்த வருஷத்துக்கு வெளியே வைக்கறதுக்கில்லை.” இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குருக்களுக்கும் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகிற அவசரம். “எத்தனை பேர் துப்பினா?”

“ஒருத்திதான் சாமி” என்றான் கபாலி சட்டென்று. “கிட்ட நின்னு பார்த்தேன். ஒண்ணே ஒண்ணு.”

“ஒண்ணுதான்” என்றார் தலைவர். “கொஞ்சம்தான். பாதிக்கு மேல தரையிலதான் விழுந்துது.”

எச்சிலுக்கும் அளவு பேசுகிறான் பார் என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது. காலையிலிருந்து வாயில் ஊறி ஊறி வந்ததை விழுங்கிக்கொண்டே இருந்தார். மாட்டியிருந்த காலுக்கு மேலாகக் குனிந்து, தன் மூன்று நாள் எண்ணெய் பளபளத்த இடத்தைப் பார்த்து, காறித் துப்பினார்.

“ரெண்டு” என்றார்.

“நாயுடு! பரிவட்டம் கட்டின வாய் அது!”

“பரிவட்டத்தைத் தலையிலதானே கட்டினீங்க.”

“மூணு” என்றாள் ஆதிலட்சுமி. அவள் துப்பியது பலகையில் ‘வீர’ என்ற எழுத்தின் மேல் விழுந்தது.

குருக்கள் தட்டை மூடிக்கொண்டு தெருவில் இறங்கினார். தலைவர் அவர் பின்னாலேயே, “சாமி, சாமி, ஒரு நிமிசம்” என்று ஓடினார். கபாலி ஓடி வந்து ஆப்பில் கை வைத்தான். “அண்ணே, காலை எடுங்கண்ணே. மரத்தை உள்ள தூக்கிட்டுப் போயிடறோம். இன்னும் நீங்க உக்காந்திருந்தா நல்லா இல்லை.”

ஆனால் கோயில் ஊர்க் கூட்டத்தில் ஒரு காரியத்தை மூன்று பேர் அடுத்தடுத்துச் செய்துவிட்டால் நாலாவது ஆள் தானாக வரிசையில் வந்து நிற்பான். ஆராயிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அவள் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். போன மழைக்கு வேலூரில் கூலி கேட்டு விரட்டப்பட்ட ஒருத்தன் துப்பினான். மஞ்சளை நெற்றியில் இட்டுக்கொண்ட கிழவர் அதைத் துடைத்துவிட்டு, பல்லில்லாத வாயால் முயன்று பார்த்தார். அது மரத்தில் விழாமல் கோதண்டராமனின் முழங்காலில் விழுந்தது. “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முயன்றார்.

கணுக்காலைச் சுற்றி வெதுவெதுவென்று வழிந்தது. புகையிலை, பாக்கு, காலையில் குடித்த நீராகாரம், எல்லாம் சேர்ந்த நாற்றம். கோதண்டராமன் மூச்சை வாயால் விட்டுக்கொண்டார்.

“போதுங்க. அதான் உள்ள கொண்டு போறேன்றாங்களே” என்று ஆதிலட்சுமி குழவிக்கல்லைத் தூக்கி ஆப்பைத் தட்டப் போனாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இரு. பின்னால இன்னும் ஏழெட்டுப் பேர் நிக்கிறாங்க.”